நவம்பர் 10க்கு முன்னால ஒரு ஒக்டோபர் இருந்தது

பேராதனைப் பூங்காவை எங்களில் கனபேர் ஒருக்காவாவது சுற்றியிருப்பம். ஓர்க்கிட் வீடு, பனைமரச் சாலை, மகாவலிக்கு மேல ஆடுற தொங்கு பாலம், மரத்தடியில குடைக்குள்ள இருக்கிற சோடிகள். எங்களுக்குத் தெரிஞ்ச பூங்கா இவ்வளவுதான். ஆனால் 1944 ஏப்ரலில் இருந்து 1945 இன் கடைசி மாதங்கள் வரைக்கும் அது ஒரு இராணுவத் தலைமையகம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் அங்கேதான் இயங்கியது. மவுண்ட்பேட்டன் அதன் தலைமைத் தளபதி.

1945 ஓகஸ்ட் 15 அன்று யப்பான் சரணடைந்தது. அதே நேரத்தில் யாவா உட்பட ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் இந்தக் கட்டளைப்பீடத்தின் பொறுப்புக்குள் வந்தன. அந்த ஒக்டோபரில் யாவாவின் சுரபாயா நகரத்தில் ஒரு படை இறங்கியது. அந்தப் படைக்கு ஆர் கட்டளை குடுத்தது எண்டு ஒவ்வொரு படியா மேல ஏறிப் பார்த்தால், கடைசியில கண்டியில வந்து நிற்பம். எங்களுக்குத் தூரமான ஒரு ஊரின் கதை எண்டுதான் வாசிக்கத் தொடங்கினம். அது எங்கட கம்பஸ் வாசலுக்குப் பக்கத்தில வந்து முடியும் எண்டு நினைக்கேல்லை.

ஒவ்வொரு நவம்பர் 10 ஆம் திகதியும் இந்தோனேசியா வீரர்கள் நாளைக் கொண்டாடுகிறது. அவர்களுடைய மொழியில் 'ஹரி பஹ்லவான்'. 1945 நவம்பர் 10 அன்று சுரபாயாவில் தொடங்கிய பெருஞ்சண்டையை நினைவுகூரும் நாள் இது. இந்தோனேசியாவின் சுதந்திரப் போர் நாலு வருசத்துக்கு மேல நீடித்தது. 1949 டிசம்பர் 27 அன்றுதான் நெதர்லாந்து ஆட்சியைக் கையளித்தது. அதற்கிடையில எத்தனையோ சண்டைகள் நடந்தன. ஆனால் நாடு தன்ட வீரர்கள் நாளாகத் தெரிஞ்செடுத்தது தொடக்கத்திலேயே நடந்த ஒரு சண்டையை. அதுவும் தோற்ற சண்டையை. ஏன் எண்டு விளங்க வேணுமெண்டால் நகரத்தில இருந்து தொடங்க வேணும்.

நகரமும் பெடியளும்

ஒல்லாந்தர் எங்களுக்குப் புது ஆக்கள் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமா மாத்திக் கட்டினவை அவைதான். அவர்களின் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு ஆசியாவில் தலைநகரம் யாவாவில் இருந்த பத்தாவியா. கொம்பனியோடு முரண்பட்ட யாவா இளவரசர்களையும் பிரபுக்களையும் இலங்கைக்குத்தான் நாடு கடத்தினார்கள். இலங்கை மலாயர் பலருடைய பரம்பரை அந்த நாடுகடத்தலில இருந்து வருகுது.

சுரபாயா கிழக்கு யாவாவின் பெரிய துறைமுக நகரம். ஒல்லாந்தரின் கடற்படைத் தளமும் அங்கேதான் இருந்தது. அசைக்கவே ஏலாது எண்டு சனம் நினைச்சிருந்த ஒல்லாந்த ஆட்சி 1942 மார்ச்சில் யப்பானியரிடம் சரணடைந்தது. வந்த யப்பானியர் விடுதலை தரவில்லை. அரிசியைப் பறித்தார்கள். 'ரோமுஷா' எண்ட கட்டாய வேலைக்கு ஆக்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பஞ்சத்தில் யாவாக் கிராமங்கள் செத்தன. ஆனால் இன்னொரு காரியத்தையும் செய்தார்கள். உள்ளூர்ப் பெடியளைச் சேர்த்து, அணிவகுக்கவும் ஆயுதம் தூக்கவும் பழக்கினார்கள். ஒல்லாந்தர் செய்யப் பயந்த வேலை அது.

இந்தோனேசிய மொழியில் இளைஞருக்குப் 'பெமுடா' எண்டு பேர். அந்த நாட்டுச் சுதந்திர வரலாற்றில் இந்தச் சொல்லைத் தவிர்த்து ஒரு பக்கமும் எழுதேலாது. சுகர்ணோவும் ஹத்தாவும் 1945 ஓகஸ்ட் 17 அன்று சுதந்திரத்தைப் பிரகடனம் செய்ததற்கு முதல் நாள், பெமுடாக்கள் இரண்டு பேரையும் ரெங்காஸ்டெங்க்ளோக் எண்ட ஊருக்குக் கொண்டுபோய் வைத்து, "இனியும் தாமதிக்க வேண்டாம்" எண்டு நெருக்கினார்கள். தலைவர்கள் கணக்குப் பார்த்தார்கள், பெடியள் அவசரப்பட்டார்கள். அடுத்த மாதங்களில் நடந்த கனக்க விசயங்களை இந்த இழுபறியை வைச்சுத்தான் விளங்கிக்கொள்ளலாம்.

சுரபாயாவில் முதல் பொறி ஒரு கொடியில் விழுந்தது. செப்டெம்பர் 19 அன்று, அப்போது யமாட்டோ எண்டு பேர் வைக்கப்பட்டிருந்த ஒரேஞ்ச் ஹோட்டலின் உச்சியில் ஒல்லாந்தர் குழு ஒன்று தங்கட சிவப்பு வெள்ளை நீலக் கொடியை ஏற்றியது. கீழே கூட்டம் கூடியது. கைகலப்பு நடந்தது. பெடியள் சிலர் மேலே ஏறி, கொடியின் நீலப் பட்டியைக் கிழித்தெறிந்தார்கள். மிஞ்சின சிவப்பும் வெள்ளையும் இந்தோனேசியக் கொடி. அந்த ஹோட்டல் இப்ப மஜபாஹித் எண்ட பேரில் இயங்குது.

அடுத்த சில கிழமைகளில் யப்பானியரின் ஆயுதக் கிடங்குகள் பெடியளின் கைக்கு வந்தன. வேறெந்த யாவா நகரத்தை விடவும் சுரபாயாவிடம் அப்போது ஆயுதம் கூட இருந்தது. குரலும் இருந்தது. சுதோமோ எண்ட 25 வயதுப் பத்திரிகையாளர் 'கிளர்ச்சி வானொலி' ஒன்றைத் தொடங்கினார். சனம் அவரைப் புங் தோமோ எண்டு கூப்பிட்டது. 'புங்' எண்டால் எங்கட 'அண்ணை' மாதிரி ஒரு விளி. ஒக்டோபர் 22 அன்று சுரபாயாவில் கூடிய நஹ்தலதுல் உலமா அமைப்பின் மார்க்க அறிஞர்கள், தாயகத்தைக் காப்பது முஸ்லிம்களின் கடமை என்று தீர்மானம் எடுத்தார்கள். பட்டணத்துப் பெடியளோடு கிராமத்து மதரசா மாணவர்களும் சேர்ந்துகொண்டது இப்படித்தான்.

ஒக்டோபர் 25

அன்றுதான் பிரித்தானிய இந்திய இராணுவத்தின் 49 ஆவது காலாட்படைப் பிரிகேட் சுரபாயாவில் இறங்கியது. ஏறத்தாழ 4,000 பேர். கட்டளை அதிகாரி பிரிகேடியர் மல்லாபி. அவர்களுக்குக் குடுக்கப்பட்ட வேலை யப்பானியரை நிராயுதபாணியாக்குவதும், போர்க் கைதிகளையும் தடுப்பு முகாம்களில் இருந்த ஒல்லாந்தக் குடும்பங்களையும் வெளியே கொண்டுபோவதும். சுரபாயாப் பெடியள் இதை நம்பேல்லை. முன்னால வாறது பிரித்தானியன், பின்னால வரப்போறது ஒல்லாந்தன் எண்டு நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் பிழை இல்லை. ஒல்லாந்தர் திரும்பி வரத்தான் வந்தார்கள்.

மல்லாபி உள்ளூர் ஆக்களோடு பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார். ஒக்டோபர் 27 அன்று ஜகார்த்தாவில் இருந்து வந்த விமானம் ஒன்று, 48 மணித்தியாலத்துக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற துண்டுப்பிரசுரங்களை நகரத்தின் மேல் கொட்டியது. மேலிடம் ஒரு பக்கம், களத்தில் நின்றவர் இன்னொரு பக்கம். உடன்பாடு கிழிஞ்சு போனது. 28 ஆம் திகதி நகரமே எழும்பியது. சின்னச் சின்னக் காவல்நிலைகளாகச் சிதறிக் கிடந்த பிரிகேட் அழியும் நிலைக்கு வந்தது. பிரித்தானியர் வேறு வழியில்லாமல் சுகர்ணோவையும் ஹத்தாவையும் தங்கட விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போர்நிறுத்தம் ஏற்பட்டது. சுகர்ணோ திரும்பிப் போன 30 ஆம் திகதி பின்னேரம், செம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்டர்நாட்டியோ கட்டடத்தின் முன்னால் நடந்த குழப்பத்தில் மல்லாபி காருக்குள் வைத்துக் கொல்லப்பட்டார். முதல் வெடியை ஆர் வைத்தது எண்ட கேள்வி 1946 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் வரை போனது. இண்டைக்கும் வரலாற்றாசிரியர்கள் அதைப் பற்றி எழுதுகிறார்கள்.

பதிலடி கட்டாயம் வரும் எண்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேஜர் ஜெனரல் மான்சர் தலைமையில் 5 ஆவது இந்தியப் படைப்பிரிவு வந்து இறங்கியது. நவம்பர் 9 அன்று இறுதி எச்சரிக்கை: அடுத்த நாள் காலை 6 மணிக்குள் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைய வேண்டும். அன்றிரவு ஆளுநர் சூர்யோ வானொலியில் பேசி அதை நிராகரித்தார். 10 ஆம் திகதி காலை கடலில் இருந்து கப்பல்களும் வானில் இருந்து விமானங்களும் தாக்கின. தரையில் டாங்கிகள் நகர்ந்தன. எதிர்த்து நின்றவர்களில் கனபேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். மூன்று கிழமை வீதிக்கு வீதி சண்டை நடந்தது. மாத முடிவில் நகரம் பிரித்தானியர் கையில். இறந்த இந்தோனேசியர் 6,000 முதல் 16,000 வரை எண்டு மதிப்பீடுகள் மாறுபடுகின்றன. லட்சக்கணக்கில் சனம் ஊரை விட்டு வெளியேறியது.

இராணுவக் கணக்கில் இது தோல்வி. ஆனால் 'ஒரு சில தீவிரவாதிகளின் குழப்பம்' எண்டு சொல்லிக்கொண்டிருந்த கதை அந்த மூன்று கிழமையோட செத்துப்போச்சு. இந்தக் குடியரசைத் துவக்கால மட்டும் அழிக்கேலாது எண்டு பிரித்தானியருக்கு விளங்கியது. அதற்குப் பிறகு இந்தோனேசியரோடு பேசுங்கோ எண்டு ஒல்லாந்தரை நெருக்கத் தொடங்கினார்கள். தோற்ற சண்டையை நாடு கொண்டாடுவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

துவக்கின் மற்றப் பக்கம்

இனித்தான் எங்களைக் குழப்பின இடம். 49 ஆவது பிரிகேட்டில் சண்டை பிடித்த சிப்பாய்களில் பெரும்பகுதி மராட்டியரும் ராஜபுதனத் துப்பாக்கிப் படையினரும். அடிமைப்பட்ட ஒரு நாட்டின் ஆக்கள், அடிமைத்தனத்தில் இருந்து எழும்புற இன்னொரு நாட்டின் ஆக்களைச் சுட்டார்கள். பர்மாவில் யப்பானியரோடு சண்டை பிடிச்சுக் களைச்சுப்போய், வீட்டுக்குப் போகலாம் எண்டு இருந்தவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

அதே கிழமையில் டெல்லியில் என்ன நடந்தது எண்டும் பார்க்க வேணும். 1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீதான முதல் வழக்கு தொடங்கியது. மலாயாவின் தோட்டங்களில் இருந்து போன தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்த அதே இராணுவம். பேரரசுக்கு எதிராகத் துவக்குத் தூக்கின இந்தியர் கூண்டில் நிற்க, பேரரசுக்காகத் துவக்குத் தூக்கின இந்தியர் ஐந்து நாள் கழித்துச் சுரபாயாவுக்குள் முன்னேறினார்கள். இந்தியப் படைகளை இந்தோனேசியரை அடக்கப் பாவிக்கக்கூடாது எண்டு நேரு கண்டித்தார்.

எல்லாச் சிப்பாயும் ஒரே மாதிரி இருக்கேல்லை. இந்தோனேசியப் போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள், முக்கியமாக முஸ்லிம்கள், படையை விட்டு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பி.ஆர்.எஸ். மணி எண்ட இந்திய இராணுவ மக்கள் தொடர்பு அதிகாரி சுரபாயாவில் கண்டவற்றால் குழம்பிப்போனவர். பிறகு சீருடையைக் கழற்றிவிட்டு, பம்பாய்ப் பத்திரிகை ஒன்றின் செய்தியாளராக இந்தோனேசியாவுக்குத் திரும்பி வந்தார். அந்தப் புரட்சி பற்றி அவர் எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1986 இல் வெளியிட்டது. சுரபாயாவில் கடை வைத்திருந்த டி.டி. குந்தன் எண்ட சிந்தி வணிகர், இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

மல்லாபியின் கல்லறை ஜகார்த்தாவின் பொதுநலவாயப் போர் மயானத்தில் இருக்கு. அவருடைய பேர் ஒவ்வொரு புத்தகத்திலயும் வரும். அவரோட இறங்கி, ஒக்டோபர் கடைசியில் செத்துப்போன மராட்டிய விவசாயக் குடும்பத்துப் பெடியளின் பேர் எந்தக் கதையில வருகுது? இந்தியாவுக்கு அவர்கள் பிழையான சண்டையில் செத்தவர்கள். இந்தோனேசியாவுக்கு எதிரிகள். பிரித்தானியாவுக்கு ஒரு எண்ணிக்கை.

கோபுரமும் புகைப்படமும்

நவம்பர் 10 ஐ இந்தோனேசியா கல்லிலேயே எழுதி வைத்திருக்கு. சுரபாயாவின் நடுவில் நிற்கும் 'துகு பஹ்லவான்', வீரர் தூண், 41 மீற்றரைத் தாண்டும். 1951 நவம்பர் 10 அன்று அடிக்கல் வைத்து, அடுத்த வருசம் அதே நாளில் திறந்தார்கள். 1959 இல் சுகர்ணோவின் அரசாணை அந்த நாளை நாட்டுக்கே உரிய வீரர்கள் நாளாக்கியது.

கல்லோட ஒரு படமும் இருக்கு. புங் தோமோ குடையின் கீழ் நின்று, ஒரு விரலை மேலே உயர்த்தி, வாய் திறந்து முழங்கும் புகைப்படம். ஒவ்வொரு நவம்பரிலும் அதுதான் வரும். ஆனால் அந்தப் படம் 1945 நவம்பரில் சுரபாயாவில் எடுத்தது இல்லை. சண்டை முடிஞ்சு காலம் போன பிறகு, வேற இடத்தில எடுத்தது. அவரை நகரம் குரலால்தான் அறிந்தது. வானொலியில் வந்த குரலைப் படம் பிடிக்கேலாதுதானே. நினைவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, கிடைச்ச படத்தை எடுத்து வைத்துக்கொண்டது.

படத்தில இருக்கிற மனுசனுக்குப் பிறகு என்ன நடந்தது? சுகார்த்தோ ஆட்சியை விமர்சித்ததற்காக 1978 இல் புங் தோமோ கைதானார். ஒரு வருசமளவில் சிறையில் இருந்தார். 1981 இல் ஹஜ் பயணத்தில் காலமானார். அவரை அடக்கம் செய்தது வீரர் மயானத்தில் இல்லை, சுரபாயாவின் ஙாகெல் பொது மயானத்தில். 'தேசிய வீரர்' எண்ட பட்டம் 2008 இல்தான் வந்தது. ஒவ்வொரு நவம்பர் 10 உம் அவருடைய படத்தைத் தூக்கின அரசு, ஆளை உள்ளுக்குப் போட்டது.

சுமர்சோனோவின் நிலை இன்னும் மோசம். சுரபாயாச் சண்டையில் பெமுடாக்களின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், இடதுசாரி. 1948 மடியூன் கிளர்ச்சியில் பங்கெடுத்தவர். 1965 இற்குப் பிறகு சிறைக்குப் போனார். கம்யூனிஸ்டுகளை லட்சக்கணக்கில் கொன்ற ஆட்சியின் பாடப்புத்தகத்தில், சுரபாயாவைக் காத்த இடதுசாரிக்கு எங்கால இடம்?

இளைஞர் மண்டபம்

இவ்வளவும் அரசு செய்த பிழைகள். அதை எழுதுறது எங்களுக்குச் சுகம். இனி எழுதப்போறது அவ்வளவு சுகமில்லை.

சுரபாயாவில் 'பலாய் பெமுடா' எண்டு ஒரு அழகான பழைய கட்டடம் இருக்கு. தமிழில் இளைஞர் மண்டபம். ஒல்லாந்தர் காலத்தில் அது சிம்பாங் கிளப், வெள்ளையரின் கேளிக்கை விடுதி. 1945 இல் பெமுடாக்கள் அதைக் கைப்பற்றித் தங்கட தலைமையகமாக்கினார்கள். கண்காட்சி, நாடகம், கவிதை வாசிப்பு எண்டு இண்டைக்கும் பெடியள் கூடுற இடம் அது. எங்களைப் போல ஒரு குழு அங்க இருந்தால், எங்கட கூட்டங்களும் அங்கதான் நடந்திருக்கும்.

1945 ஒக்டோபர் நடுப்பகுதியில் அந்தக் கட்டடத்துக்குள் ஒல்லாந்தரும், ஒல்லாந்த இந்தோனேசியக் கலப்பினத்தவரும் இழுத்துக்கொண்டு வரப்பட்டார்கள். 'விசாரணை' நடந்தது. அடி, சித்திரவதை, கொலை. உயிர் தப்பினவர்களின் சாட்சியங்கள் இருக்கு. ஒக்டோபர் 28 அன்று, முகாமில் இருந்த பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப்போன லொறித் தொடர் ஒன்று குபெங் பகுதியில் தாக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த லொறிகளுக்குக் காவலாகப் போன இந்தியச் சிப்பாய்கள் பலர், அந்தப் பிள்ளைகளைக் காக்கப் போய்ச் செத்தார்கள். மேலே 'பிழையான சண்டையில் செத்தவர்கள்' எண்டு எழுதினமே, அவர்கள்தான்.

இந்தக் காலத்தை நெதர்லாந்தில் 'பெர்சியாப்' எண்டு சொல்லுவார்கள். 'தயாராகு' எண்டு பெடியள் எழுப்பின கூக்குரலில இருந்து வந்த பேர். அங்கே பல பத்து வருசமாக அந்தக் குடும்பங்கள் இந்த ஒக்டோபரைத்தான் நினைவுகூர்ந்தன. ஆனால் அதற்குப் பிறகு நாலு வருசம் ஒல்லாந்த இராணுவம் இந்தோனேசியாவில் செய்ததைப் பற்றி நாடு வாய் திறக்கேல்லை. 2022 இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, அந்த இராணுவம் மிகையான வன்முறையைப் பரவலாகவும் திட்டமிட்டும் பாவித்தது எண்டு சொன்னது. பிரதமர் ருட்டே மன்னிப்புக் கேட்டார். அதே வருசம் அம்ஸ்ரடாமின் தேசிய அருங்காட்சியகத்தில் இந்தோனேசியப் புரட்சி பற்றிய கண்காட்சி தொடங்கிறதுக்கு முதல், 'பெர்சியாப்' எண்ட சொல் இந்தோனேசியரை மட்டும் காட்டுமிராண்டிகளாகக் காட்டுது, அதைப் பாவிக்க வேண்டாம் எண்டு இந்தோனேசிய வரலாற்றாசிரியர் பொன்னி திரியானா எழுதினார். அங்கே பெரிய சர்ச்சையாகிப் போச்சு.

பொன்னி சொன்னதில நியாயம் இருக்கு. முன்னூறு வருச ஆட்சியையும் பஞ்சத்தையும் கட்டாய வேலையையும் விட்டுட்டு சில மாதக் கொலைகளை மட்டும் பேர் வைச்சுக் கூப்பிடுறது நேர்மையில்லை. ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் செத்த பிள்ளைகள் எங்க போறது? ஒல்லாந்தருக்கு ஒக்டோபர், இந்தோனேசியருக்கு நவம்பர் எண்டு ஆளுக்கொரு மாதத்தைப் பிரிச்சு வைத்திருக்கிறார்கள். நடந்தது என்னவோ ஒரே நகரத்தில, அடுத்தடுத்த கிழமைகளில. சில நேரம் அதே பெடியளின் கைகளால.

இதைச் சொன்னால் போராட்டத்தின் நியாயம் குறைஞ்சிடும் எண்டு சிலர் பயப்பிடுவினம். எங்களுக்கு அப்படித் தெரியேல்லை. ஒல்லாந்தர் திரும்பி வர உரிமை இல்லை எண்டது ஒக்டோபரிலும் உண்மை, நவம்பரிலும் உண்மை. குபெங்கில் லொறிக்குள் இருந்த பிள்ளை அதற்குப் பொறுப்பில்லை எண்டதும் அதே அளவு உண்மை. முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதை மறைக்க வேணுமெண்டு ஒரு அரசு நினைக்கலாம். வரலாறு படிக்கிற நாங்கள் அப்படி நினைக்கத் தேவையில்லை.

நினைவுகூரல் எண்ட சொல்லை லேசா எடுக்கக்கூடிய ஆக்கள் இல்லை நாங்கள். விளக்குக் கொளுத்துற உரிமைக்காக எங்கட சனம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதனாலதான், உரிமையும் தூணும் அரச நாளுமில்லாமல் வேற என்ன வேணும் எண்டு சுரபாயாவைப் பார்த்து யோசிக்கிறம். அங்கே தூண் இருக்கு. பேர் இல்லாத பெடியள், சிறைக்குப் போன பேச்சாளர், அழிக்கப்பட்ட இடதுசாரி, மராட்டியச் சிப்பாய், லொறிக்குள் இருந்த பிள்ளை எண்டு தூணின் நிழலுக்கு வெளியில நிற்கிற ஆக்களும் கனபேர் இருக்கினம்.

நவம்பர் 10 நல்ல நாள். தோற்றவர்களை மறக்காத நாள், அதைக் கைவிடச் சொல்ல நாங்கள் ஆர்? ஆனால் சுரபாயாவில் ஆரும் ஒரு பெடியன் பலாய் பெமுடாவுக்குள் கவிதை வாசிக்கப் போகேக்க, அந்த மண்டபத்தின் ஒக்டோபரையும் அவனுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் இருக்க வேணும். பேராதனைப் பூங்காவுக்குள்ள நுழையேக்க எங்களுக்கும் ஆரும் சொல்லித் தந்திருக்கலாம்.